-ஓ2 கொடுத்தால் மட்டும் தவறும் நிரல்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு சி அல்லது சி++ நிரல், கம்பைலர் உகப்பாக்கம் எதுவும் செய்யாத -ஓ0 நிலையில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கும். வெளியீட்டுக்காக -ஓ2 கொடுத்துக் கட்டிய அன்றைக்கே அது தவறான விடை தரும், பாதியில் உறைந்து நிற்கும், அல்லது செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற செய்தியோடு விழும். இந்நிலையில் பலரும் உகப்பாக்கத்தை, அதாவது ஆப்டிமைசேஷனை, நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று கருதிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பெரும்பாலும் பிழை நிரலுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. கம்பைலரின் அடுத்த பதிப்போ, வேறொரு செயலியோ, பக்கத்தில் சேர்க்கப்படும் தொடர்பில்லாத ஒரு வரியோ அதை -ஓ0 நிலையிலும் வெளியே கொண்டுவந்துவிடக்கூடும்.

-ஓ0 நிலையில் ஒவ்வொரு மாறிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு வரியும் அந்த இடத்திலிருந்து மதிப்பை எடுத்து, கணக்கிட்டு, திரும்ப அங்கேயே வைக்கிறது. -ஓ2 நிலையிலோ கம்பைலர் மொழியின் தர வரையறையை ஓர் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்கிறது. குறியுள்ள முழு எண் ஒருபோதும் வரம்பு மீறாது, எதையும் சுட்டாத நல் பாயிண்டர் வழியே யாரும் படிக்க மாட்டார்கள், அணியின், அதாவது அர்ரேயின், எல்லையை யாரும் தாண்ட மாட்டார்கள், சாதாரண மாறியை இணையாக ஓடும் வேறொரு த்ரெட் அதே நேரத்தில் மாற்றாது என்றெல்லாம் நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் நிரலைச் சுருக்குகிறது. இவற்றில் எந்த வாக்குறுதியை நம் நிரல் மீறியது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அறிகுறியைக் கவனித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

உகப்பாக்கம்தான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிமேக் கருவியின் ரிலீஸ் வகைக் கட்டுமானம் ஜிசிசி கம்பைலருக்கு -ஓ3 கொடுப்பதோடு என்டீபக் என்ற மேக்ரோவையும் வரையறுக்கிறது. அந்த மேக்ரோ இருந்தால், நிபந்தனை உண்மையா என்று ஓட்ட நேரத்தில் சோதிக்கும் அசர்ட் வரிகள் அனைத்தும் காணாமல் போகும். கோப்பைத் திறக்கும் செயற்கூற்றை, அதாவது ஃபங்ஷனை, அசர்ட்டின் அடைப்புக்குள்ளேயே யாராவது அழைத்திருந்தால், ரிலீஸ் கட்டுமானத்தில் அந்தக் கோப்பு திறக்கப்படுவதே இல்லை. எனவே -ஓ0 உடன் என்டீபக்கை மட்டும் சேர்த்து ஒருமுறை கட்டிப் பாருங்கள். அப்போதும் நிரல் தவறினால், தேட வேண்டிய இடம் அசர்ட் வரிகள்.

அடுத்து, -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா ஆகிய எச்சரிக்கைகளை -ஓ2 உடனேயே சேர்த்துக் கட்டுங்கள். தொடக்க மதிப்பு பெறாத மாறியைப் பற்றிய எச்சரிக்கைகளில் சில, உகப்பாக்கத்தின்போது நடக்கும் பகுப்பாய்வையே நம்பியிருப்பதால், -ஓ0 நிலையில் அவை வெளிவருவதே இல்லை.

மூன்றாவது சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். -எஃப்ராப்வி, -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங், -எஃப்நோ-அக்ரசிவ்-லூப்-ஆப்டிமைசேஷன்ஸ் ஆகிய மூன்று ஆப்ஷன்களையும் -ஓ2 உடன் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். கம்பைலர் மீது புகார் அனுப்பும் முன் இவற்றைச் சோதிக்குமாறு ஜிசிசி திட்டமே கேட்டுக்கொள்கிறது. அறிகுறி மறைந்துவிட்டால், மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதை நீக்கியதும் தவறு திரும்பி வருகிறதோ அதுவே பிழையின் வகையைச் சொல்லும். முதலாவது எண் வரம்பு மீறல், இரண்டாவது ஒரே நினைவகத்தை இரு வகைகளில் படித்தல், மூன்றாவது பெரும்பாலும் அணியின் எல்லையைத் தாண்டும் மடக்கு, அதாவது லூப்.

கடைசியாக, நிரல் ஓடும்போதே விதிமீறல்களைப் பிடிக்கும் சானிடைசர்கள். -எஃப்சானிடைஸ் என்ற ஆப்ஷனுக்கு அட்ரஸ், அன்டிஃபைன்ட் ஆகிய இரண்டையும் கொடுத்து, -ஜி சேர்த்து, நிரலை உண்மையான உள்ளீட்டோடு ஓட்டுங்கள். ஜிசிசியில் அட்ரஸ் சானிடைசர் 2013இல் 4.8 பதிப்போடும், அன்டிஃபைன்ட் சானிடைசர் 2014இல் 4.9 பதிப்போடும் வந்தன. ஆகவே இன்று கணினியில் நாம் பயன்படுத்தும் ஜிசிசியில் பெரும்பாலும் இவை இருக்கும். ஒரே உகப்பாக்க நிலையில் ஓட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். -ஓ2 நிலையில் தவறான வரியையே கம்பைலர் முன்கூட்டி நீக்கிவிட்டால் சானிடைசருக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. -ஓ0, -ஓ1 நிலைகளில் அதே வரி பிடிபடும்.

நிரல் ஓரிடத்தில் உறைந்து நிற்கிறது. இடையில் ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்தால் ஓடிவிடுகிறது

இந்த அறிகுறியைக் கண்டால் நான் முதலில் தேடுவது, மற்றொருவர் மாற்றுவதற்காகக் காத்திருக்கும் மடக்கைத்தான். நான் எழுதிய ஒரு மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பலகையின் நிரலில், சீரியல் போர்ட்டிலிருந்து ஒரு பைட் வந்ததும், ஓடும் நிரலை இடைமறித்து வன்பொருள் அழைக்கும் இன்டரப்ட் செயற்கூறு ஒரு கொடி மாறியை ஒன்றாக மாற்றும். மெயின் செயற்கூற்றில் உள்ள மடக்கு அந்தக் கொடி ஒன்றாகும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். -ஓ0 நிலையில் அது குறையின்றி ஓடியது. -ஓ2 நிலையில் பலகை முதல் பைட்டுக்கே பதில் தரவில்லை. அசெம்பிளியைத் திறந்து பார்த்தபோது காரணம் மூன்றே வரிகளில் கிடந்தது: கொடியின் மதிப்பை ரெஜிஸ்டருக்கு எடுக்கும் ஒரு கட்டளை, அதைச் சுழியோடு ஒப்பிடும் ஒரு கட்டளை, சுழியாக இருந்தால் தன் மீதே திரும்பத் தாவும் ஒரு கட்டளை. நினைவகத்தை ஒருமுறை படித்தாயிற்று, இனிமேல் படிக்கத் தேவையில்லை என்று கம்பைலர் முடிவு செய்திருந்தது. மடக்குக்குள் அந்த மாறியை மாற்றும் வரி எதுவும் இல்லாததால், அது கண்ட அளவில் அந்த முடிவு சரியே. பிரிண்ட்எஃப் சேர்த்தபோது, அந்த வெளிச் செயற்கூறு உலகப் பொது மாறியை மாற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால் கம்பைலர் ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் படிக்கத் தொடங்கியது. அறிகுறி மறைந்ததன் காரணம் அவ்வளவே, பிழை தீரவில்லை.

இன்டரப்டோடு பகிரும் மாறிக்கும், வன்பொருள் ரெஜிஸ்டரைச் சுட்டும் முகவரிக்கும் வாலடைல் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஆனால் வாலடைல் தருவது, ஒவ்வொரு முறையும் நினைவகத்தையே படி, நினைவகத்திலேயே எழுது என்ற உறுதியை மட்டும்தான். படித்தல் ஒரே மூச்சில் நடக்கும் என்ற உறுதியை அது தராது. ஏவிஆர் போன்ற 8 பிட் செயலியில் 16 பிட் எண்ணியைப் படிக்க இரண்டு கட்டளைகள் தேவை. எண்ணியில் 255 இருக்கும்போது கீழ்ப் பைட்டான 255ஐப் படித்தாயிற்று. அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்து எண்ணியை 256 ஆக்குகிறது. திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் 1 கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 511, எண்ணி ஒருபோதும் கொண்டிராத மதிப்பு. அந்த இரு பைட்டுகளையும் படிக்கும் நேரம்வரை இன்டரப்டுகளை நிறுத்தி வைப்பதே இதற்கு வழி.

த்ரெட்கள் பகிரும் மாறியானால் வாலடைல் போதவே போதாது. 2011ஆம் ஆண்டின் சி தரத்திலும் சி++ தரத்திலும் வந்த அடாமிக் வகைகளையோ, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் மியூடெக்ஸையோ பயன்படுத்துங்கள். எங்கே மீறல் நடக்கிறது என்று தெரியவில்லையென்றால் த்ரெட் சானிடைசர் இரு த்ரெட்களின் அழைப்புத் தொடரையும் அருகருகே காட்டும்.

இதோடு உறவுடைய இன்னோர் அறிகுறி: காலதாமதத்துக்காக எழுதிய வெற்று மடக்கு, ஒரு லட்சம்வரை எண்ணிவிட்டு ஒன்றும் செய்யாதது, -ஓ2 நிலையில் அடியோடு மறைந்துபோகும். டைமரைப் பயன்படுத்துங்கள், மடக்கை நம்ப வேண்டாம்.

சோதனை வரி எழுதியிருந்தும் அது நடக்காததுபோல் நிரல் செல்கிறது

டீபக்கரில் அந்த வரியில் நிறுத்தம் வைத்தால் நிரல் அங்கே நிற்பதே இல்லை. அசெம்பிளியில் அந்த ஒப்பீடே இருக்காது. இதற்கு மிகத் தெளிவான முன்னுதாரணம் லினக்ஸ் கெர்னலில் மெய்நிகர் பிணைய இடைமுகத்தைத் தரும் டன் டிரைவர். 2009இல், 2.6.30 பதிப்பில், போல் என்ற சிஸ்டம் அழைப்பைக் கையாளும் செயற்கூறு முதல் வரிகளில் டன் என்ற பாயிண்டர் வழியே எஸ்கே என்ற உறுப்பைப் படித்தது. அதற்குப் பின்னரே அந்தப் பாயிண்டர் நல் ஆக உள்ளதா என்று சோதித்தது. ஏற்கெனவே படித்தாயிற்று என்றால் பாயிண்டர் நல் ஆக இருக்க முடியாது என்று ஜிசிசி கணித்து, சோதனையை நீக்கிவிட்டது. முகவரி சுழியில் ஒரு பக்கத்தைப் பொருத்தி வைக்க முடிந்த தாக்குபவர் அதன் வழியே கெர்னலின் அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது. அந்தக் குறைபாட்டுக்கு சிவிஇ-2009-1897 என்ற எண் தரப்பட்டது. படிக்கும் வரியைச் சோதனைக்குக் கீழே இறக்கியதே திருத்தம். அதோடு கெர்னல் முழுவதுக்கும் -எஃப்நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ் என்ற ஆப்ஷனும் சேர்க்கப்பட்டது. உங்கள் நிரலில் ஒரு நல் சோதனை மறைந்தால், அதற்கு மேலே உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதே பாயிண்டர் எங்கோ முன்னதாகவே பயன்பட்டிருக்கும். மெம்காப்பி போன்ற நூலகச் செயற்கூறுக்கு அதை அனுப்பியிருந்தாலும் இதே விளைவு நேரலாம்.

எண்களிலும் இதே கதைதான். இரு முழு எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகை முதல் எண்ணைவிடச் சிறிதாக இருந்தால் வரம்பு மீறியது என்று சோதிப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். 2147483647 உடன் 1 சேர்த்தால் எதிர்மறை எண் வரும் என்ற எதிர்பார்ப்பில் எழுதுவது அது. குறியுள்ள எண் வரம்பு மீறாது என்று தரம் சொல்வதால், கம்பைலர் இந்தச் சோதனையை, இரண்டாம் எண் சுழியைவிடச் சிறிதா என்ற கேள்வியாகச் சுருக்கிவிடும். இரண்டாம் எண் நேர்மறை என்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் சோதனையே மறையும். கூட்டுவதற்கு முன்பே, மிகப் பெரிய எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்து ஒப்பிடுங்கள். அல்லது ஜிசிசி 5 முதல் உள்ள பில்ட்இன் ஆட் ஓவர்ஃப்ளோ செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள்.

முடிய வேண்டிய மடக்கு முடிவதே இல்லை

2013இல் ஜிசிசி 4.8 வந்தபோது, ஸ்பெக் சிபியு2006 என்ற புகழ்பெற்ற அளவீட்டுத் தொகுப்பில் உள்ள எச்264ரெஃப் நிரலின் ஒரு மடக்கு முடிவில்லாமல் சுற்றத் தொடங்கியது. 16 உறுப்புகள் கொண்ட அணி அது. மடக்கு ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் எண்ணியைக் கூட்டி, அடுத்த உறுப்பைப் படித்துவிட்டு, அதன் பிறகே எண்ணி 16ஐவிடச் சிறிதா என்று பார்த்தது. கடைசிச் சுற்றில் இல்லாத 17ஆம் உறுப்பு படிக்கப்பட்டது. அந்த மதிப்பை யாரும் பயன்படுத்தாததால் அதுவரை எவருக்கும் அது உறுத்தவில்லை. புதிய கம்பைலர் எதிர்த்திசையில் சிந்தித்தது: அணியில் 16 உறுப்புகளே உள்ளன, எனவே எண்ணி 15ஐத் தாண்டவே முடியாது, எனவே முடிவுச் சோதனை எப்போதும் உண்மை. முடிவில்லா மடக்கைக் கண்டால், முடிவுச் சோதனையைப் பார்ப்பதற்கு முன் மடக்குக்குள் உள்ள அணி அணுகல்களைப் பாருங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறுகிறது

தொடக்க மதிப்பு தராத மாறி. -ஓ0 நிலையில் அதற்குக் கிடைத்த ஸ்டாக் இடத்தில் தற்செயலாகச் சுழி இருந்திருக்கும். -ஓ2 நிலையில் அது ஏதோ ஒரு ரெஜிஸ்டரின் மிச்சத்தைப் பெறுகிறது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டுங்கள், அல்லது கிளாங் கம்பைலரின் மெமரி சானிடைசரைப் பயன்படுத்துங்கள். அட்ரஸ் சானிடைசர் இந்த வகையைப் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். ஒரு செயற்கூற்றிலிருந்து முன்பு குறித்த இடத்துக்கு நேரே தாவ உதவும் செட்ஜம்ப், லாங்ஜம்ப் பயன்படுத்தும் நிரலில், இடையே மாற்றப்பட்ட உள்மாறி திரும்பி வந்ததும் பழைய மதிப்பைக் காட்டினால், அந்த மாறிக்கு வாலடைல் தேவை.

எழுதிய மதிப்பு அடுத்த வரியிலேயே பழையதாக இருக்கிறது

ஒரு ஃப்ளோட் எண்ணின் பிட்டுகளைப் பார்ப்பதற்காக அதன் முகவரியை முழு எண் பாயிண்டராக மாற்றிப் படித்திருப்பீர்கள். இரு வேறு வகைப் பாயிண்டர்கள் ஒரே இடத்தைச் சுட்டா என்பது தரம் தரும் உறுதி. ஆகையால் ஃப்ளோட் வழியே எழுதியதும் முழு எண் வழியே படித்ததும் தொடர்பற்றவை என்று கருதி, கம்பைலர் அவற்றின் வரிசையை மாற்றலாம். ஜிசிசி இந்த விதியை -ஓ2 முதல் செயல்படுத்துகிறது. மெம்காப்பியால் நான்கு பைட்டுகளைப் பிரதியெடுங்கள். வேகம் குறையும் என்று அஞ்சத் தேவையில்லை. -ஓ2 நிலையில் அந்த அழைப்பு பெரும்பாலும் ஒரே நகர்த்தல் கட்டளையாகச் சுருங்கிவிடும்.

தசம எண்களின் கடைசி இலக்கங்கள் மாறுகின்றன, அல்லது திடீரென்று 'நான்' (எண் அல்ல என்று குறிக்கும் மதிப்பு) வருகிறது

இங்கே முன்னவற்றைப்போல் விதிமீறல் இல்லாமலேயே விடை மாறலாம் என்பதால் தனிக் கவனம் தேவை. பழைய 32 பிட் இன்டெல் கட்டுமானங்களில் எக்ஸ்87 அலகு 80 பிட் ரெஜிஸ்டர்களில் கணக்கிட்டது. -ஓ0 நிலையில் ஒவ்வொரு வரியின் விடையும் நினைவகத்துக்குச் சென்று 64 பிட்டாகச் சுருங்கியது; -ஓ2 நிலையில் ரெஜிஸ்டரிலேயே 80 பிட்டாகத் தங்கியது. சமம் என்று நாம் நம்பிய இரு எண்கள் சமமாகாமல் போயின. ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 323ஆம் எண்ணில் இதற்கான புகார் பல ஆண்டுகள் நீண்டது. எஸ்எஸ்இ2 அலகைப் பயன்படுத்தச் சொன்னால் இது தீரும். 64 பிட் கட்டுமானத்தில் இயல்பாகவே அப்படித்தான்.

இன்று அதிகம் காண்பது எஃப்எம்ஏ, அதாவது பெருக்கலையும் கூட்டலையும் இடையே முழுமைப்படுத்தாமல் (ரவுண்ட் செய்யாமல்) ஒரே கட்டளையில் முடிப்பது. 64 பிட் ஏஆர்எம் செயலிகள் அனைத்திலும் இது உண்டு. ஜிசிசி உகப்பாக்கத்தின்போது இதை இயல்பாகவே பயன்படுத்துகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். எக்ஸின் வர்க்கத்திலிருந்து ஒய்யின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் காண்கிறோம். ஓட்ட நேரத்தில் இரண்டுமே 0.1. தனித்தனியாகப் பெருக்கினால் இரண்டும் ஒரே அளவில் முழுமைப்படுத்தப்பட்டு, வித்தியாசம் துல்லியமாகச் சுழி. முதல் பெருக்கலைக் கழித்தலோடு இணைத்துவிட்டால், முழுமைப்படுத்தாத வர்க்கத்திலிருந்து முழுமைப்படுத்திய வர்க்கம் கழிபடுகிறது. 0.1இன் வர்க்கம் டபுள் வகையில் சற்று மேல்நோக்கி முழுமைப்படுவதால், விடை ஏறத்தாழ -0.00000000000000000083. எதிர்மறை எண்ணின் வர்க்கமூலம் 'நான்' என்ற மதிப்பு. இன்டெல் கணினியில் சரியாக ஓடிய நிரல் ஏஆர்எம் பலகையில், அதுவும் -ஓ2 நிலையில் மட்டும், இப்படி விழும். -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் கொடுத்துப் பார்த்தால் காரணம் உறுதியாகும். ஆயினும் நிலையான தீர்வு, கூட்டலையும் கழித்தலையும் பெருக்குமாறு சூத்திரத்தை மாற்றி எழுதுவதே என்பது என் கருத்து.

-எஃப்ஃபாஸ்ட்-மேத் பயன்படுத்தினால், நான் என்ற மதிப்பே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். உங்கள் இஸ்நான் சோதனைகள் நீங்கிவிடும். மேலே எழுதிய எதையும் தேடும் முன் அந்த ஆப்ஷன் உங்கள் மேக்ஃபைலில் உள்ளதா என்று பாருங்கள்.

விரைவாகக் கண்டுகொள்ளக்கூடிய மற்றவை

பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட் என்று நிரல் தானே நின்றால் மகிழ்ச்சியடையுங்கள்: உகப்பாக்கம் இருந்தால் மட்டும் இயங்கும் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பு உண்மையான எல்லை மீறலைப் பிடித்திருக்கிறது. வெக்டர் கட்டளை ஒன்றில் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால், ஒழுங்கமைவில்லாத முகவரியை 32 பிட் எண்ணைச் சுட்டும் பாயிண்டராக மாற்றிய இடத்தைத் தேடுங்கள். ஒரு சி++ செயற்கூறு முடிந்ததும் நிரல் தொடர்பில்லாத அடுத்த செயற்கூற்றுக்குள் நுழைந்தால், அதில் ரிட்டர்ன் விடுபட்டிருக்கிறது. கடவுச்சொல்லை மெம்செட்டால் அழித்தும் நினைவகத்தில் அது தங்கினால், இனி யாரும் படிக்காத இடத்தில் எழுதுவது வீண் என்று கம்பைலர் அந்த மெம்செட்டை நீக்கிவிட்டது, ஜிலிப்சி என்ற சி நூலகத்தில் 2.25 பதிப்பு முதல் உள்ள எக்ஸ்ப்ளிசிட் பிசீரோ இதற்கென்றே இருக்கிறது.

அறிகுறி எதோடும் பொருந்தாவிட்டால்

கோப்புகளைப் பாதி பாதியாகப் பிரியுங்கள். பாதியை -ஓ0 நிலையிலும் மீதியை -ஓ2 நிலையிலும் கட்டி இணையுங்கள். தவறு எந்தப் பாதியோடு செல்கிறது என்று பாருங்கள். 64 கோப்புகள் இருந்தால் ஆறு கட்டுமானங்களில் ஒரே கோப்புக்கு வந்துவிடலாம். இணைக்கும் நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து உகப்பாக்கும் எல்டிஓ இயங்கினால் அதை முதலில் நிறுத்துங்கள். இல்லையேல் கோப்பு எல்லைகளுக்குப் பொருளில்லை. அதன்பின் கோப்புக்குள் ஒவ்வொரு செயற்கூறாக, கிளாங்கில் ஆப்ட்நன் பண்பையும், ஜிசிசியில் ஆப்டிமைஸ் பண்பையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதைப் பிழை தேடுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று ஜிசிசியின் கையேடே சொல்கிறது. அகப்பட்ட செயற்கூறுதான் குற்றவாளி என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அதை அழைத்தவர் கெட்ட மதிப்பை அனுப்பியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நிரல் குற்றமற்றது என்று உறுதியானால், கம்பைலரைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் என்ற கருவி, 2011இல் வெளியான ஆய்வுக்கட்டுரையின்படி, சி கம்பைலர்களில் அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்தது. அங்கிருந்தே வந்த சி-ரெட்யூஸ் கருவியால் உங்கள் நிரலை இருபது முப்பது வரிகளுக்குச் சுருக்குங்கள். சுருக்கும்போது ஒவ்வொரு படியிலும் சானிடைசரை ஓட்டுங்கள். இல்லையேல் கருவி உங்கள் பிழையை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு விதிமீறலை உண்டாக்கி, அதையே சுருக்கித் தந்துவிடும். புகாரோடு, ப்ரீபிராசஸ் செய்த மூலநிரல், ஜிசிசி -வி தரும் முழு வெளியீடு, பயன்படுத்திய கட்டளை வரி, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகியவற்றை இணையுங்கள்.

திருத்த முடியாத பழைய நூலகம் ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் போன்ற குறிப்பிட்ட ஆப்ஷனைக் கொடுங்கள். எந்த வரிக்காக, எந்த அறிகுறியைக் கண்டு அதைச் சேர்த்தீர்கள் என்பதை மேக்ஃபைலில் அதன் மேலேயே கருத்துரையாக எழுதி வையுங்கள்.